மவுஸ் கிளிக்கும் மழைக் கணக்கும்: எலக்ட்ரானிக்ஸ் முதல் பாடம்

உங்கள் பழைய மவுஸில் ஒரு முறை கிளிக் செய்தால், இரண்டு முறை கிளிக் செய்ததாக எடுத்துக் கொண்டு ஃபைல் திறந்து கொள்கிறதா? ஒரு ஃபோல்டரைப் பிடித்து இழுத்துச் செல்லும்போது பாதி வழியில் நழுவி விழுகிறதா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதை வைரஸ் என்று நினைத்து ஆன்டி வைரஸ் போடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பிரிவுக்குச் சென்று டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இரண்டிலும் பயன் இருக்காது.

மவுஸ் பட்டனுக்குக் கீழே நகத்தின் அளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு. நீங்கள் அழுத்தும்போது அது எதிர்ப்புறத் தகட்டைத் தொடுகிறது. ஆனால் தொட்டவுடன் அடங்கி நிற்பதில்லை. இரும்பு கேட்டை வேகமாகச் சாத்தினால் கொண்டியில் மோதி இரண்டு மூன்று முறை துள்ளிப் பிறகு நிற்கிறதல்லவா, அதே கதைதான். புது மவுஸிலும் இந்தத் துள்ளல் உண்டு. மவுஸுக்குள் இருக்கும் சிறிய சிப்பில் ஒரு புரோகிராம் ஓடிக் கொண்டிருக்கிறது. துள்ளலை வடிகட்டி, "ஒரு கிளிக்" என்று மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. தகடு தேய்ந்து, துள்ளல் அந்தப் புரோகிராம் எதிர்பார்த்த நேரத்தையும் தாண்டும்போது ஒன்று இரண்டாகி விடுகிறது.

இது ஹார்ட்வேர் கோளாறா, சாஃப்ட்வேர் கோளாறா? இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் கோளாறு. அந்த இடத்தைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். பாடத்துக்கு நான் எடுத்துக் கொள்ளும் கருவி மவுஸ் அல்ல. மழைமானி.

மழைமானி ஏன் என்று சொல்லி விடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம். விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரிக்கு நான்கு வருடம் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். ரெசிஸ்டரில் இருக்கும் வண்ணப் பட்டைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு எலக்ட்ரானிக்ஸ் முடிந்து போனது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் இன்னொரு புரோகிராமோடு மட்டுமே பேசின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. தென்பெண்ணையாற்று வெள்ளம் அரசூர் பக்கம் நெடுஞ்சாலை மேலேயே ஓடியது.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி, "எத்தனை சென்டிமீட்டராம்?" எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்றுதான் கணக்குச் சொல்வார்கள். அந்த மழைக்கு அவர்களிடமும் அளவு இல்லை. அந்த எண்ணை வைத்துத்தான் ஏரியைப் பார்ப்பதும், ஊரைக் காலி செய்வதும், பள்ளிக்கு விடுமுறை விடுவதும். அப்படியானால் அந்த எண்ணை யார், எப்படி எண்ணுகிறார்கள்? இதைத் தேடிப் போனபோதுதான் எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

சீசா பலகையும் ஒரு காந்தமும்

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான். ஆட்கள் பார்த்து அளக்கும் மழைமானியில் ஒரு புனல், கீழே ஒரு பாத்திரம், ஓர் அளவுக் குடுவை. தினமும் காலை 8.30 மணிக்கு எடுத்து ஊற்றி அளப்பார்கள்.

தானியங்கி மழைமானிகளில் பரவலாக இருக்கும் வகை வேறு மாதிரி. புனலுக்குக் கீழே, பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சீசா பலகை போல ஒன்று. அதன் இரு முனைகளிலும் சிறு கிண்ணம். ஒரு கிண்ணம் நிறைந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டி விடும். அப்போது மறு கிண்ணம் புனலுக்குக் கீழே வந்து விடும். இது கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை வடிவமைத்திருக்கிறார்.

புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். கிண்ணம் 4 மில்லி லிட்டரில் சாய்கிறது என்றால், ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழைக்குச் சமம். சீசாவின் நடுவில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சாய்விலும் அது ஒரு ரீட் ஸ்விட்சைக் கடந்து போகும். ரீட் ஸ்விட்ச் என்பது கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக் கொள்ளும். ஆக, இவ்வளவு பெரிய மழைக் கணக்கின் அடியில் இருப்பது ஒரு ஸ்விட்ச். உங்கள் மவுஸுக்குள் இருப்பதற்கு உறவுக்காரன்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஆர்டுயினோ ஊனோ அல்லது அதே வடிவத்தில் வரும் போர்டு ஒன்று, அதற்கான யு.எஸ்.பி. கேபிள், பிரெட்போர்டு, கொஞ்சம் ஜம்பர் ஒயர், சிவப்பு எல்.இ.டி. இரண்டு, 220 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு ரீட் ஸ்விட்ச், சிறு காந்தம். பலரிடம் கேபிள் ஏற்கெனவே வீட்டில் இருக்கும், பிரிண்டருக்குப் போடும் அதே சதுர முனைக் கேபிள்தான். ரெசிஸ்டரும் எல்.இ.டி.யும் டி.வி. ரிப்பேர் கடைகளில் கேட்டாலே கிடைத்து விடும். போர்டுக்கு இணையக் கடைகள் அல்லது சென்னை ரிச்சி தெரு. ரீட் ஸ்விட்ச் கிடைக்கவில்லையா? கதவு அலாரத்துக்கு விற்கும் காந்த சென்சாரை வாங்குங்கள், உள்ளே அதுதான் இருக்கிறது.

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஊனோ 2010-இல் வந்தது. போர்டின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்து விட்டதால் பல கம்பெனிகள் அதையே தயாரிக்கின்றன, விலையும் குறைந்து விட்டது. அதில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பின் மெமரியைக் கேட்டால் சிரிப்பு வரும். புரோகிராமுக்கு 32 கிலோ பைட், வேரியபிள்களுக்கு 2 கிலோ பைட். நீங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக் கூடப் போதாது. மழையை எண்ண இது தாராளம்.

புதுக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்பதில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கி, இப்போது அலமாரியில் தூங்கும் மெஷினும் போதும். பழைய மெஷின் என்றால் ஆர்டுயினோ ஐ.டி.இ. சாஃப்ட்வேரின் 1.8 வரிசையை இறக்கிக் கொள்ளுங்கள். 2-ஆம் பதிப்பு அதில் திணறும். லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்குப் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று செய்தி வந்தால், உங்கள் யூசர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து விட்டு லாக் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். லினக்ஸே புதிது என்பவர்களுக்கு, விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இலவச வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

எண் எப்படி வோல்ட் ஆகிறது?

போர்டைக் கேபிளில் செருகுங்கள். டூல்ஸ் மெனுவில் போர்டு என்ற இடத்தில் ஊனோவையும், போர்ட் என்ற இடத்தில் புதிதாகத் தோன்றும் பெயரையும் தேர்ந்தெடுங்கள். பின்னர் ஃபைல் மெனு, எக்ஸாம்பிள்ஸ், பேசிக்ஸ், பிளிங்க். மேலே இருக்கும் அம்புக்குறியைக் கிளிக் செய்திடுங்கள். சில விநாடிகளில் போர்டிலேயே இருக்கும் சிறு விளக்கு ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையும். புரோகிராமில் டிலே என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1000 என்று இரண்டு இடத்தில் இருக்கும். அதை 100 ஆக்கி மீண்டும் அனுப்புங்கள். விளக்கு படபடக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஸ்கிரீனில் எத்தனையோ படங்கள் ஓடுகின்றன, ஒரு விளக்கு எரிந்தால் என்ன? நான் ஒரு மாலை முழுக்க இதையே பார்த்துக் கொண்டிருந்தேன். காரணம் இதுதான். அந்தச் சிப்பின் மெமரியில் சில இடங்கள் விசேஷமானவை. அவற்றை ரெஜிஸ்டர் என்கிறார்கள். ஒரு ரெஜிஸ்டரில் 8 பிட்கள். பி போர்ட் என்ற ரெஜிஸ்டரில் 5 என்ற எண்ணுள்ள பிட்டில் 1 என்று எழுதினால், 13-ஆம் பின்னோடு இணைந்த ஒரு டிரான்சிஸ்டர் திறந்து அங்கே 5 வோல்ட் வருகிறது. 0 எழுதினால் இன்னொரு டிரான்சிஸ்டர் அதைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, சேர்த்து விடுகிறது. மற்ற இடங்களில் எழுதினால் எழுத்து. இங்கே எழுதினால் மின்சாரம்.

இப்போது பிரெட்போர்டில் உங்கள் எல்.இ.டி.யைப் போடுங்கள். நீளக் காலை 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 13-ஆம் பின்னுக்கும், குட்டைக் காலைக் கிரவுண்டுக்கும் இணையுங்கள். ரெசிஸ்டர் எதற்கு? சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக் கொள்ளும். மீதி 3 வோல்ட். 3-ஐ 220-ஆல் வகுத்தால் சுமார் 13.6 மில்லி ஆம்பியர். இந்தச் சிப்பின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக் கொள்வது நல்லது, 40 என்பது உச்ச வரம்பு. ரெசிஸ்டர் இல்லாமல் நேராகப் போட்டால் எல்.இ.டி. போகும், அல்லது பின் போகும். சாஃப்ட்வேரில் தவறு செய்தால் கண்ட்ரோல் இசட் உண்டு. இங்கே கிடையாது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட் உங்களை ஷாக் அடிக்காது. ஆனால் 5 வோல்ட் பின்னையும் கிரவுண்டையும் ஒயரால் நேராக இணைத்து விடாதீர்கள். மோட்டார், ஃபேன், டியூப் லைட் என்று 230 வோல்ட் பக்கம் முதல் வருடம் போகவே வேண்டாம். ரிலே வைத்து மோட்டார் போடலாம் என்று வீடியோ பார்த்து விட்டுச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

வோல்ட் எப்படி எண் ஆகிறது?

இனி எதிர்த் திசை. ரீட் ஸ்விட்சின் ஒரு காலை 2-ஆம் பின்னுக்கும் மறு காலைக் கிரவுண்டுக்கும் இணையுங்கள். புரோகிராமில் அந்தப் பின்னை இன்புட் புல்லப் என்று அறிவியுங்கள். இப்படிச் சொன்னால் சிப்புக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் அந்தப் பின்னை 5 வோல்ட் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்திருக்கும். ஸ்விட்ச் மூடினால் 0, திறந்திருந்தால் 1. தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இதுதான் வழக்கம்.

புல்லப் இல்லாவிட்டால்? கம்ப்யூட்டர் என்றாலே 0, 1 என்று பள்ளியிலிருந்து கேட்டு வருகிறோம். ஒயரில் 0-வும் 1-ம் ஓடுவதில்லை. ஓடுவது வோல்ட். இந்தச் சிப் 5 வோல்ட்டில் இயங்கும்போது 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0 என்றும், 3 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1 என்றும் உறுதியாக எடுத்துக் கொள்ளும். நடுவில் இருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லும். எதோடும் இணையாமல் தொங்கும் பின் காற்றில் ஆடும் கொடிபோல. நீங்கள் கையைப் பக்கத்தில் கொண்டு போனாலே மாறும். வெறும் ஒயரை 2-ஆம் பின்னில் செருகி, புல்லப் இல்லாமல் படித்துப் பாருங்கள். சீரியல் மானிட்டரில் 0-வும் 1-ம் கலந்து கொட்டினால், புரோகிராமில் தவறு தேட வேண்டாம். வரி எல்லாம் சரியாகவே இருக்கும்.

இனிக் காந்தத்தை ரீட் ஸ்விட்சின் அருகே பத்து முறை கொண்டு போய் எடுங்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒன்று கூட்டும்படி எழுதினால், எண்ணிக்கை பத்தைத் தாண்டலாம். மேலே பார்த்த துள்ளல்தான். ரீட் ஸ்விட்சில் இது ஒரு மில்லி செகண்டுக்குள் பெரும்பாலும் அடங்கி விடும். உங்கள் கண்ணுக்கு அது நேரமே அல்ல. சிப்புக்கோ விநாடிக்கு 1.6 கோடி துடிப்பு. ஒரு மில்லி செகண்டில் 16,000 துடிப்பு. ஒவ்வொரு துள்ளலையும் தனித் தனியாகப் பார்க்க அதற்கு நேரம் இருக்கிறது.

இதை மழையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சாய்வும் மூன்றாக எண்ணப்பட்டால் 50 சென்டிமீட்டர் மழை 150 சென்டிமீட்டர் ஆகி விடும். ஒரு ஊரைத் தேவையில்லாமல் காலி செய்ய அது போதும்.

திண்டிவனத்தில் டி.வி.யும் மோட்டாரும் பழுது பார்க்கும் ஒருவரிடம் ரெசிஸ்டர் வாங்கப் போனபோது இதைச் சொன்னேன். "தம்பி, இதுக்கு எதுக்குப் புரோகிராமு? ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு பாயின்ட் ஒன் கண்டென்சர் போடு, அடங்கிடும்" என்றார். "இல்லைண்ணே, ஒரு தடவை எண்ணினதும் அம்பது மில்லி செகண்ட் வேற எதையும் கண்டுக்காதேன்னு எழுதிட்டேன், செலவே இல்லை" என்றேன். சிரித்துக் கொண்டே கண்டென்சரையும் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார். இரண்டுமே சரியான வழிதான். கண்டென்சர் சின்னத் துள்ளலைத் தண்ணீர்த் தொட்டிபோல வாங்கிக் கொள்ளும். ஒயர் நீளமாக இருந்தால் அதில் ஏறும் இரைச்சலையும் குறைக்கும். என் மழைமானியில் இப்போது இரண்டும் இருக்கின்றன.

அந்த 50 எங்கிருந்து வந்தது?

இது முக்கியமான கேள்வி. புரோகிராம் எழுதப் பழகியவர்கள் 50 என்று எங்கோ பார்த்து அப்படியே போட்டு விடுவார்கள். 10,000 என்று போட்டால் என்ன ஆகும்? அதாவது, ஒரு சாய்வை எண்ணிய பிறகு 10 விநாடி கண்ணை மூடிக் கொள். தூறலில் ஒன்றும் ஆகாது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது மணிக்கு 500 சாய்வுகள், அதாவது 7.2 விநாடிக்கு ஒன்று. கண்ணை மூடிய நேரத்தில் ஒரு சாய்வு ஓடிப் போகும். ஒன்று விட்டு ஒன்றாக, பாதி மழை காணாமல் போகும். அதுவும் எந்த நேரத்தில்? மழை மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில் மட்டும். சோதித்த நாளில் சரியாக வேலை செய்து, தேவைப்பட்ட நாளில் ஏமாற்றும் கருவி.

50 மில்லி செகண்ட் என்பது துள்ளலை விட மிக நீளம், இரண்டு சாய்வுகளுக்கு இடையே உள்ள நேரத்தை விட மிகச் சிறிது. அந்த எண்ணைத் தருவது ஆர்டுயினோ புத்தகம் அல்ல. தகடும் தண்ணீரும்தான் தருகின்றன.

இதே ஆபத்து வேறு உருவத்திலும் வரும். ஒவ்வொரு நிமிடமும் சிம் கார்டு மோடம் வழியாக எஸ்.எம்.எஸ். அனுப்பும்படி எழுதுகிறீர்கள், அனுப்பி முடிக்க 30 விநாடி காத்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த 30 விநாடியில் புரோகிராம் ஸ்விட்சைப் பார்க்காது. காந்தமோ ஒரு கண நேரம் மட்டும் கடந்து போய் விடும். மறுபடியும் பாதி மழை போச்சு. இதற்காகத்தான் இன்டரப்ட் என்ற வசதி சிப்பிலேயே இருக்கிறது. 2, 3 ஆகிய பின்களில் வோல்ட் மாறினால், புரோகிராம் எந்த வரியில் இருந்தாலும் அப்படியே நிறுத்தி விட்டு, நீங்கள் சொன்ன சிறு வேலையைச் செய்து விட்டுத் திரும்பும். சமைத்துக் கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தால் அடுப்பைக் குறைத்து விட்டுப் போய்ப் பார்ப்பதில்லையா, அதுபோல. முதலிலேயே 2-ஆம் பின்னைச் சொன்னதன் காரணம் இதுதான். இன்டரப்ட்டில் எண்ணிக்கையைக் கூட்டும் வரி மட்டும் இருக்கட்டும். எஸ்.எம்.எஸ். வேலையை அங்கே வைக்காதீர்கள். எண்ணிக்கை வேரியபிளின் முன்னால் வாலடைல் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். இந்த மதிப்பு உனக்குத் தெரியாமல் மாறும், ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து எடு என்று கம்பைலருக்குச் சொல்வது அது.

255-க்குப் பிறகு என்ன?

மெமரி குறைவான சிப் ஆயிற்றே என்று எண்ணிக்கையை பைட் வகை வேரியபிளில் வைத்தால், அது 0 முதல் 255 வரை மட்டும் பிடிக்கும். 256-ஆவது சாய்வில் மீண்டும் 0. எத்தனை மழைக்கு? 256 சாய்வுக்கு 51.2 மி.மீ. திண்டிவனத்தில் சாதாரண நாளில் இதைக் கவனிக்கவே மாட்டீர்கள். மயிலத்தில் பெய்த 500 மி.மீ. மழைக்கு 2,500 சாய்வுகள் ஆகும். அந்த எண்ணிக்கை ஒன்பது முறை 0-வுக்குத் திரும்பி, கடைசியில் 196 என்று நிற்கும். அதாவது 39.2 மி.மீ. நல்ல மழைதான், கவலை இல்லை என்று சொல்லி விட்டுப் போகும் கருவி. ஊனோவில் இன்ட் வகை 32,767 வரை பிடிக்கும். இரண்டு பைட் செலவு. கஞ்சத்தனம் இங்கே வேண்டாம்.

புயல் என்றால் கரண்ட் போகும். கரண்ட் போனால் வேரியபிளில் இருந்த எண்ணிக்கையும் போகும். இதற்குச் சிப்பிலேயே 1 கிலோ பைட் ஈ.ஈ.ப்ராம் இருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் எழுதியதை மறக்காது. ஆனால் அதன் ஒவ்வோர் இடத்திலும் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்றுதான் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். விநாடிக்கு ஒரு முறை எழுதும்படி புரோகிராம் செய்தால் 28 மணி நேரத்துக்குள் அந்த ஒரு லட்சம் தீர்ந்து விடும். ஒவ்வொரு சாய்வுக்கும் மட்டும் எழுதினால்? ஒரு லட்சம் சாய்வு என்பது 20,000 மி.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 1,000 மி.மீ. என்று வைத்தால் இருபது வருடம். மெமரியின் ஆயுளை மழையால் வகுத்துக் கணக்குப் போட வேண்டி வரும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. எலக்ட்ரானிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

சீசாவுக்கும் ஒரு குறை உண்டு. அது சாய்ந்து முடிக்கும் சிறிது நேரத்திலும் புனலிலிருந்து தண்ணீர் விழுந்து கொண்டேதான் இருக்கும். ஏற்கெனவே நிறைந்த கிண்ணத்திலேயே அது விழுந்து கணக்கில் வராமல் போகும். தூறலில் இது ஒன்றுமில்லை. கொட்டும் மழையில் கருவி குறைத்துக் காட்டும். தகட்டை மாற்றி இதைச் சரி செய்ய முடியாது. ஆனால் இரண்டு சாய்வுகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று புரோகிராமுக்குத் தெரியும். நெருக்கமாக வந்தால் ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2-க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்கு வைக்கும்படி எழுதலாம். முதலில் ஸ்விட்சின் சிக்கலைக் கண்டென்சர் தீர்த்தது, இப்போது சீசாவின் சிக்கலை ஒரு வரி புரோகிராம் தீர்க்கிறது.

மாடியில் வைக்கும் முன்

சீசாவை நீங்களே பிளாஸ்டிக் தகட்டில் செய்யலாம், அல்லது வானிலைக் கருவிகளுக்கு உதிரியாக விற்பதை வாங்கலாம். எதுவானாலும் அளவு பார்க்காமல் நம்பாதீர்கள். மருந்துக் கடை சிரிஞ்சால் 400 மில்லி தண்ணீரை அளந்து, சொட்டுச் சொட்டாக, அவசரப்படாமல் ஊற்றுங்கள். 4 மில்லிக்கு ஒன்று என்றால் 100 சாய்வு வர வேண்டும். 94 தான் வந்தால் உங்கள் கிண்ணம் 4.26 மில்லியில் சாய்கிறது என்று பொருள். 0.2 என்ற எண்ணைப் புரோகிராமில் 0.213 ஆக்கி விடுங்கள். சீசாவை அறுத்துத் தேய்த்துக் கொண்டிருக்க வேண்டாம்.

மாடியிலிருந்து நீள ஒயரைக் கீழே இழுத்து வந்து லேப்டாப்பில் செருகாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் அந்த ஒயர் உங்கள் வீட்டுக்குள் வரும் வழி. போர்டைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மாடியிலேயே பேட்டரியில் ஓட விடுங்கள். மழை விட்டு வானம் தெளிந்த பிறகு மேலே போய் எண்ணிக்கையை எடுத்துக் கொள்ளலாம்.

பக்கத்தில் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், புனலை விட அது எவ்வளவு உயரமோ அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். புனல் வாயில் கொசு வலைத் துண்டு ஒன்று கட்டுங்கள். வேப்ப இலைச் சருகு ஒன்று துளையை அடைத்தால் அன்றைய மழை 0 தான். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள், எறும்புக்கு சீசாவின் அச்சு ரொம்பப் பிடித்த இடம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் வைத்து விட்டால் நல்லது. காலை 8.30-க்கு உங்கள் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அன்றைய தினம் வானிலை மையம் உங்கள் ஊருக்கு வெளியிடும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம், ஒரே ஊரில் இரண்டு தெருவில் மழை ஒரே அளவில் பெய்வதில்லை. தினமும் சரியாக இரண்டு மடங்கு காட்டினால் மட்டும், போய் அந்த 50-ஐயும் கண்டென்சரையும் பாருங்கள்.